பெட்டிக்குள் விமானம் வருவதில்லை

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு விமானம் கொண்டுபோனான். எஸ்.ஈ.5ஏ. முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கைப் போர் விமானம். அசலில் 48இல் ஒரு பங்கு. நாலரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்திருந்தான். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். நடுவராக வந்தவர் அதை இறக்கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கும்போதே இரண்டு கம்பி தெறித்தது. "இது கடையில விக்கிற கிட்டுதானே தம்பி? சுயமா செஞ்சதுக்குத்தான் மார்க்கு" என்றார். கையிலிருந்த படிவத்தில் 'சுயமாகச் செய்ததா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு ஒரு தெர்மாகோல் செங்கோட்டைக்குக் கிடைத்தது. செங்கோட்டை மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் பெண் பிள்ளை உழைத்துத்தான் செய்திருந்தாள். கோபம் அந்த 'இல்லை' மேல்.

அந்த 'இல்லை'யை அவர் ஒருவர் மட்டும் சொன்னால் சும்மா இருந்திருப்பேன். மங்கலம்பேட்டையில் என் வீட்டுக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அச்சுக்கார அண்ணன், "அச்சுல வந்தத ஒட்டுறதுக்கா இத்தன நாளு?" என்றார். கவிதை எழுதும் நண்பர், "நகல் எடுக்கிறதுல கற்பனைக்கு எங்கய்யா இடம்?" என்றார். இன்னொருவர், வெள்ளைக்காரன் குண்டு போட்ட விமானத்தை நாம் ஏன் மேசையில் வைத்துக் கும்பிட வேண்டும் என்று கேட்டார். படித்தவர்கள் மத்தியில் இது ஏறக்குறைய முடிந்துபோன விஷயம்: மாதிரி விமானம் செய்வது ஒட்டு வேலை, நகல் வேலை, காசுள்ளவன் பொழுதுபோக்கு, அதுவும் கடன் வாங்கிய பொழுதுபோக்கு. இந்த முடிவு தப்பு என்பது என் கட்சி. பத்தாண்டுக்கு மேல் அங்கே கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சுப் பிரிவில் நின்ற கை இது. பொம்மையைப் பற்றியும் அச்சைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒட்டு வேலை என்ற பழியை அண்ணனிடமிருந்தே தொடங்குகிறேன். அண்ணே, நம்ம பேட்டையில் பிள்ளையார் எப்படிப் பிறக்கிறார்? களிமண்ணைக் கரைத்துக் குழம்பாக்கிப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறோம். அச்சு தண்ணீரை உறிஞ்சும். சுவரோரம் மண் படிந்து கெட்டியானதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டுகிறோம். உடம்பு ஓர் அச்சில் வரும். கை வேறு அச்சில். தும்பிக்கை சில சமயம் தனியாக. ஈரம் முழுக்கக் காயுமுன் அந்தக் களிக்குழம்பையே பசையாகத் தடவி ஒட்டுகிறோம். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்கிறோம். பிறகு சூளை, பிறகு கிளேஸ், மறுபடி சூளை. இத்தனையும் அச்சில் வந்ததுதானே? ஒட்டியதுதானே? அப்படியிருந்தும், ஒரே அச்சில் வந்த பத்துப் பிள்ளையாரை வரிசையாக வைத்தால் எது யார் கை வேலை என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நானே பார்த்திருக்கிறேன்.

விமானக் கிட்டிலும் நடப்பது அதுதான். எங்களுக்கு வந்தது செக் நாட்டு எட்வார்ட் நிறுவனத்தின் பெட்டி. திறந்தால் சாம்பல் நிற பாலிஸ்டைரின் சட்டங்கள். அதில் காய்த்துத் தொங்குகிற மாதிரி துண்டுகள். அவற்றை நறுக்கி எடுத்து, அச்சுக் கோட்டைச் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து, திரவப் பசை தொட்டு வைக்க வேண்டும். அந்தப் பசை இரண்டு துண்டின் விளிம்பையும் உருக்கி ஒன்றாக்கும், நம் களிக்குழம்பு போலவே. இதுவரை ஒட்டு வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை இறக்கை விமானமாக இருந்தால் பாதி வேலை இத்தோடு முடிந்துவிடும். இரட்டை இறக்கை அப்படி விடாது.

ஏன் என்று சொல்ல வேண்டும். அக்காலத்து விமானம் மரச்சட்டமும் துணியும். தனியாக நீட்டி நிற்கும் அளவுக்கு ஓர் இறக்கைக்கு வலு கிடையாது. அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, நடுவில் மரக்கால் நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் எஃகுக் கம்பி இழுத்துக் கட்டினார்கள். பாலத்துக்கு இரும்புச் சட்டம் கட்டுகிற அதே கணக்கு. கீழிறக்கையின் அடியிலிருந்து மேலிறக்கையின் நுனிப் பக்கம் போகிற கம்பிதான் பறக்கும்போது சுமையைத் தாங்கும். எதிர்ப்பக்கமாகப் போகிற கம்பி, தரையில் நிற்கும்போது இறக்கை தொங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும். இவ்வகை விமானங்களில் பறப்புக் கம்பி பெரும்பாலும் இரட்டை. படத்தைப் பார்த்துக் கம்பி கோக்கும்போது பையன் கேட்டான்: "இந்தப் பக்கம் மட்டும் ஏன் மாமா ரெண்டு ரெண்டா இருக்கு?" நான் பதில் சொல்லவில்லை. அரைமணி நேரம் கழித்து அவனே சொன்னான்: "தரையில நின்னா ரெக்கையோட வெயிட்டு மட்டும்தான். பறக்கறப்ப மொத்த விமானமும் அதுலதான் தொங்குது. திரும்பறப்ப இன்னும் சேந்து இழுக்கும்." பள்ளிப் புத்தகத்தில் விசை பற்றிப் பாடமே இருக்கிறது. இதை அவன் புத்தகத்திலிருந்து கற்கவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். மேலிறக்கையை ஒட்டிவிட்டால் அதற்குக் கீழே தூரிகை நுழையாது. ஆகவே நிறம் அடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். நிறம் அடித்த இடத்தில் பசை பிடிக்காது. ஆகவே ஒட்டும் புள்ளிகளை மட்டும் மறைத்து வைத்து அடிக்க வேண்டும். மேலிறக்கை கீழிறக்கைக்கு நேர் மேலே இருக்காது, சற்று முன்தள்ளியிருக்கும். இரண்டும் நுனியை நோக்கி 5 பாகை ஏறும். நான்கு மரக்காலும் நடுவில் நிற்கும் குட்டைக் கால்களும் ஒரே நேரத்தில் தத்தம் குழிக்குள் உட்கார வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு செய்கிற காரியமா இது? கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒரு தாங்கி செய்தோம். முதல் தாங்கி அரை மில்லிமீட்டர் பிசகியது. எறிந்துவிட்டு இரண்டாவது செய்தோம். பெட்டியில் வந்த குறிப்புத்தாளில் இது எதுவும் கிடையாது. 'மேலிறக்கையைப் பொருத்துக' என்ற அர்த்தத்தில் ஓர் அம்புக்குறி மட்டும் இருந்தது.

கம்பிக்கு முடி போன்ற மீன்பிடி நரம்பு. நுனிக்கு 0.3 மில்லிமீட்டர் துளை, கையால் உருட்டுகிற துரப்பணத்தால். ஒரு கம்பியைச் சற்று அதிகமாக இழுத்தால் எதிர்க்கம்பி தொய்யும். எல்லாவற்றையும் இழுத்தால் இறக்கையே வளையும். கட்டில் கயிறு பின்னியவர்களுக்கு இது புரியும். நடுவர் ஐயா தெறிக்கவிட்டது இந்தக் கம்பிகளில் இரண்டைத்தான். அவை பெட்டியில் வரவில்லை.

நிறத்துக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் அது.

எஸ்.ஈ.5ஏ-யின் மேல்புறத்துக்கு அடித்த பூச்சுக்குப் பி.சி.10 என்று பெயர். எதிரி கண்ணுக்கு நிலத்தோடு நிலமாகத் தெரிய வேண்டும் என்பது அதன் ஒரு நோக்கம். இன்னொன்று, அதைவிட முக்கியமானது, வெயிலிலிருந்து துணியைக் காப்பது. இறக்கைத் துணி லினன். அதன்மேல் 'டோப்' என்ற செல்லுலோஸ் கரைசலைப் பூசினால் துணி சுருங்கி மிருதங்கத் தோல் போல இறுகும். அந்தத் துணி நாள் முழுக்க வெயிலில் நின்றால் இற்றுப்போகும்; கொடியில் கிடந்த வேட்டி இற்றுப்போவது போலத்தான். ஆகவே டோப்பில் நிறமண் கலந்து அடித்தார்கள். மத்தியக் கிழக்கு போன்ற வெயில் நாடுகளுக்குப் பி.சி.12 என்று செம்பழுப்பாக வேறொரு பூச்சே இருந்தது. பி.சி.10-இல் கலந்தவை இரண்டு: மஞ்சள் காவி, புகைக்கரி. மஞ்சள் காவி என்பது இரும்பு ஆக்சைடு.

இந்த இரண்டைக் கலந்தால் என்ன நிறம் வரும்? உலகெங்கும் மாதிரி விமானக்காரர்கள் பல ஆண்டாக இதற்குச் சண்டை போடுகிறார்கள். பச்சை என்கிறது ஒரு கட்சி, பழுப்பு என்கிறது இன்னொரு கட்சி. வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். நம்மூர் கிளேஸ் ஆளுக்கு இது தினசரி. சூளையில் காற்று தாராளமாக இருந்தால் இரும்பு ஆக்சைடு மஞ்சளும் பழுப்புமாக வரும். காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் அதே இரும்பு சாம்பல் கலந்த பச்சையாகும்; சீனத்துச் செலடான் பாத்திரத்துப் பச்சை அதுதான். இரும்பு ஒரே நிறத்தில் நிற்கிற பொருள் கிடையாது. விமானப் பூச்சில் சூளை இல்லை என்பது உண்மை. அங்கே வேறு காரணங்கள் புகுந்தன. மஞ்சளோடு கரி சேர்ந்தால் கண்ணுக்குப் பாசிப்பச்சையாகத் தெரியும். சுவருக்கு நிறம் கலக்கும் பெயின்டரைக் கேட்டால் சொல்வார். கரி கொஞ்சம் குறைந்தால் பழுப்பு தூக்கும். துணிக்குக் கரைத்த கரைசல் ஒன்று, உலோகத் தகட்டுக்குக் கரைத்த எண்ணெய் வேறொன்று. இந்த விமானத்தைச் செய்த தொழிற்சாலைகள் பல, எல்லாவற்றிலும் ஒரே கை கலக்கவில்லை. அதன்மேல் வெயில், மழை, என்ஜின் எண்ணெய். ஜூன் மாதம் தொழிற்சாலையை விட்டு வந்த விமானமும் ஜூலைக் கடைசியில் களத்தில் நின்ற விமானமும் ஒரே நிறமாக இருந்திருக்க முடியாது.

ஆக, புட்டியில் 'பி.சி.10' என்று சீட்டு ஒட்டி விற்கிற நிறத்தை அப்படியே அடிப்பதுதான் நகல். அதை நாங்கள் செய்யவில்லை. பாசிப்பச்சை சாய்ந்த பழுப்பில் தொடங்கி, இறக்கையின் மேல்முகத்தில் வெயில் விழும் இடத்தை வெளிறவைத்து, விலாச்சட்டம் ஓடும் இடங்களில் கொஞ்சம் கருக்கவைத்தோம். அடிப்புறத்துக்கு நிறமண் கிடையாது, வெறும் டோப் பூசிய லினன். கோரா வேட்டியின் நிறம். அதில் ஒளி ஊடுருவும் என்பதால் உள்ளே இருக்கும் சட்டங்களின் நிழல் மெல்லத் தெரிய வேண்டும். அந்த நிழலை ஏர்பிரஷால் கொண்டுவர மூன்று ஞாயிறு போயிற்று. அதில் ஒரு ஞாயிறு முழு நஷ்டம். ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் பூச்சில் ஏறி, விபூதி பூசியது மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. அத்தனையையும் கரைப்பானால் துடைத்தெடுத்து மறுபடி தொடங்கினோம். கண்காட்சிப் படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கலாம்.

கவிஞர் நண்பரின் கேள்வி, நகலில் கற்பனைக்கு இடம் எங்கே என்பது. கேட்க நன்றாக இருக்கிற கேள்வி. ஆனால் அதைத் தஞ்சாவூரில் போய்க் கேட்கச் சொல்கிறேன். நெட்டியைச் சீவிப் பெரிய கோயிலைச் செய்கிறார்களே, அது எதன் நகல்? அந்த வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அமைச்சர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் கொடுக்கிறோம். நெட்டியில் கோயில் விமானம் செய்தால் கலை, பிளாஸ்டிக்கில் பறக்கும் விமானம் செய்தால் பொம்மையா? இரண்டிலும் இருப்பது கண், கை, அளவு. நெட்டிக்காரருக்கு அச்சு கிடையாது, அவர் வேலை கடினம் என்று சொல்லுங்கள், தலைவணங்குகிறேன். ஆனால் அப்போது நீங்கள் பேசுவது உழைப்பின் அளவைப் பற்றி. நகல் என்ற குற்றச்சாட்டு அங்கேயே காணாமல் போகிறது.

அளவுக்குக் கட்டுப்படுவது கற்பனையைக் கொல்லும் என்று எந்தச் சிற்பியும் சொல்லிக் கேட்டதில்லை. சிற்ப நூல்களில் உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலப் பங்கு. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, ஓர் அங்குலத்தை எட்டு யவமாகப் பிரித்து மூக்கு நுனிக்கு இத்தனை. இத்தனை கட்டுக்குள் நின்றுதான் நம் சிற்பிகள் வேலை செய்தார்கள். நம் செராமிக் பேட்டையிலும் அளவில்லாமல் பிழைப்பு இல்லை. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். சூளையிலிருந்து வருகிற பொம்மை இத்தனை உயரம் என்றால் அச்சை அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும், எவ்வளவு பெரிதாக என்பது மண்ணுக்கு மண் மாறும். நெய்வேலி மண் கலவைக்கு ஒரு கணக்கு, வேறு மண்ணுக்கு வேறு கணக்கு. இன்சுலேட்டரில் அந்தக் கணக்கு தப்பினால் கம்பி உட்காராது, சரக்கு திரும்பி வரும்.

விமான மாதிரியில் அளவு இன்னும் வினோதமாக வேலை செய்யும். 48 என்ற எண் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கிலிருந்து வந்தது. எஸ்.ஈ.5ஏ-யின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 26 அடி 7 அங்குலம். மாதிரியில் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சரி, எல்லாவற்றையும் 48ஆல் வகுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இறக்கைத் துணியை விலாச்சட்டத்தோடு சேர்த்துத் தைத்த நூலை 48ஆல் வகுத்தால் கண்ணுக்கே தெரியாது. அதைக் காட்டுவதா விடுவதா? அசலில் துணி மிருதங்கத் தோல் போல இறுகியிருந்தது, ஆனால் பல கிட்டுகளில் சட்டத்துக்குச் சட்டம் துணி கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்து கிடக்கும், 'துணி' என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமாம். அதைத் தேய்த்துக் குறைப்பதா விடுவதா? அசல் நிறத்தைச் சிறிய உருவத்தில் அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும்; எவ்வளவு வெளிறவைப்பது? வகுத்தல் கணக்கு சொல்லாத இந்த இடங்களில் செய்கிறவன் தீர்மானிக்கிறான். நண்பரே, கவிதையில் எந்தச் சொல்லை விடுவது என்று நீங்கள் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறீர்களே, ஏறக்குறைய அதுதான் இது.

அந்நியன் விமானம் என்பது அடுத்தது. இதைச் சொல்கிறவர்கள் தேசப்பற்றில் சொல்கிறார்கள், அதனால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விமானத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததே ஒருவருக்காக. இந்திர லால் ராய். 1898 டிசம்பர் 2இல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். ஒருமுறை விமானம் விழுந்து பலத்த அடி. குணமாகிக்கொண்டிருந்த நாட்களில் அவர் செய்தது என்ன தெரியுமா? விமானங்களைப் படம் வரைந்தது. அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன. பிறகு 40ஆம் படைப்பிரிவு. 1918 ஜூலை 6 முதல் 19 வரை எஸ்.ஈ.5ஏ-யில் பறந்து பத்து விமானங்களை வீழ்த்திய கணக்கு அவருடையது. ஜூலை 22 அன்று பிரான்சில் கார்வின் ஊருக்கு மேலே ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் இறந்தார். வயது 19. 1998இல் அவர் நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

இன்னொருவர் ஹர்தித் சிங் மாலிக். 28ஆம் படைப்பிரிவு, சாப்வித் கேமல் விமானம். தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லி, அதன்மேல் போட்டுக்கொள்ளத் தனியாகத் தலைக்கவசம் செய்துகொண்டவர். 1917 அக்டோபரில் காலில் குண்டு வாங்கினார், பிழைத்தார், பின்னாளில் பிரான்சுக்கு இந்தியத் தூதராகவே போனார். அந்தக் கேமல் விமானத்தின் என்ஜின் விசிறியோடு சேர்ந்து தானும் சுழலும் ரகம். அதற்கு ஊற்றியது ஆமணக்கு எண்ணெய். ஆமணக்கு விதைக்கு அன்று உலகச் சந்தையில் இந்தியாதான் பெரிய கை. சுழலும் என்ஜின் எண்ணெயை விமானி முகத்திலேயே வீசியடிக்கும். அதை மணிக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வயிறு என்ன பாடு பட்டது என்பது விமானிகள் சொல்லிச் சிரிக்கும் கதை. விளக்கெண்ணெய் கொடுத்து வளர்த்த நம் பாட்டிகள் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சென்னைக்கு வந்தால் இன்னும் முந்தைய கதை. மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்பவர் 1910 மார்ச்சில் ஓர் இரட்டை இறக்கை விமானத்தைப் பறக்கவிட்டார். அதைக் கட்டிக்கொடுத்தது மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனி, கோச்சு வண்டி கட்டிய கை. அந்தப் பட்டறையில் மரம் இழைத்தவர்களும் துணி இழுத்துக் கட்டியவர்களும் இந்த ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இந்திய விமானப் படையின் முதல் படைப்பிரிவு 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் உருவானபோது கையிலிருந்தவை நாலே நாலு விமானங்கள், வெஸ்ட்லாண்ட் வாபிட்டி. அவையும் இரட்டை இறக்கைதான். வாபிட்டி ஒன்றை டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். நம் மங்கலம்பேட்டைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. விமானம் நமக்கு அந்நியம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போரைக் கொண்டாடுகிறாய் என்பவர்களுக்கு ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் அந்த நோய் உண்டு. இத்தனை விமானத்தை வீழ்த்தினான் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பெட்டியின் மேலேயே அச்சடித்து விற்கிறார்கள். வீழ்ந்த விமானத்துக்குள்ளும் இருபது வயசுப் பையன் இருந்தான் என்பது பெட்டியில் இருக்காது. வாபிட்டியைச் சொன்னேனே, நம் முதல் படைப்பிரிவு 1937இல் முதன்முதலாகச் சண்டைக்குப் போனது வசீரிஸ்தானில், அங்கிருந்த பழங்குடியினர் மேல். அதை மறைத்துவிட்டு வாபிட்டியை மட்டும் தேசப்பெருமையாக்க நான் தயாரில்லை.

ஆனால் செய்கிற வேலையே இதற்கு மருந்து. எஸ்.ஈ.5ஏ-யின் விமானி அறையை முதலில் செய்ய வேண்டும், மூடிய பிறகு கை போகாது. அந்த அறையைச் செய்யும்போது பையன் கண்டுபிடித்தான்: பெட்ரோல் டாங்கு விமானிக்கு நேர் முன்னால். இன்னொரு சின்ன டாங்கு தலைக்கு மேலே, மேலிறக்கையின் நடுவில். சுற்றிலும் மரப்பலகையும் டோப் பூசிய துணியும். டோப் எப்படித் தீப்பிடிக்கும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும், கரைப்பான் புட்டியில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையைப் படித்திருந்தான். "பாராசூட் எங்க வைப்பாங்க மாமா?" என்றான். இல்லை என்றேன். அன்று பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட் தரவில்லை. அவன் அந்தச் சின்ன இருக்கையை இடுக்கியால் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஒரு போர்ப் படத்தை மூன்று மணி நேரம் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் அப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை. படம் வீரத்தைக் காட்டும். டாங்கு எங்கே இருந்தது என்று காட்டாது.

காசைப் பற்றி ஒரு வரி: அதிகம்தான், இறக்குமதி வரி வேறு. தீபாவளிக்கு ஒரு மணி நேரத்தில் கொளுத்துகிறதை நாலரை மாதத்துக்கு நீட்டினோம், அவ்வளவே. கிட்டுதான் வேண்டும் என்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையிலேயே முழு விமானமும் செய்யலாம், அதற்கு வரைபடம் இருந்தால் போதும்.

நடுவர் ஐயாவின் பக்கத்தில் நின்றும் யோசித்துப் பார்த்தேன். கடையில் பொம்மை வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டு மார்க் வாங்கப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களைத் தடுக்கத்தான் அந்தக் கட்டம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கம்பி ஏன் இரட்டை? இந்த நிறம் ஏன் மேல்முகத்தில் வெளிறியிருக்கிறது? இதில் பறந்தவர் யார்? கடையில் வாங்கி வைத்த பிள்ளை இதற்குத் திணறும். எங்கள் பையன் அரைமணி நேரம் பேசியிருப்பான், கேட்டவர்தான் ஓட வேண்டியிருந்திருக்கும். செய்த பொருளைப் பார்த்துச் செய்த கையை எடைபோடத் தெரியாத ஊரா நம்முடையது? அகல் விளக்கிலிருந்து இன்சுலேட்டர் வரை அச்சில் வார்த்து, ஒட்டி, சுரண்டி, சுட்டு விற்றுத்தான் இந்த வட்டாரத்தில் பல வீட்டில் உலை கொதிக்கிறது.

அச்சுக்கார அண்ணன் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விமானத்தை வெகுநேரம் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. "கோடு எங்கடா சுரண்டுனீங்க, தெரியவே இல்ல" என்றார். பிறகு பையனிடம், "அடுத்தது எந்த விமானம்?" என்று கேட்டார். வாபிட்டி என்றான். அதற்குக் கிட் வாங்கப் போவதில்லை. மரமும் அட்டையும் வைத்துச் செய்வதாகத் திட்டம், சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் பிளாஸ்டர் அச்சு அண்ணன் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தெறித்த இரண்டு கம்பியையும் மறுபடி கட்டியாயிற்று. எஸ்.ஈ.5ஏ இந்த ஆண்டுக் கண்காட்சிக்கும் போகிறது. படிவம் போன வாரமே வந்துவிட்டது. 'சுயமாகச் செய்ததா' என்ற கட்டத்தை இந்த முறை நாங்களே நிரப்பிக் கொடுக்கிறோம்: ஆம்.